சுவெட்டர் கொடுத்தாச்சாம்!

"என்னக்கா, போன வாரம்தானே சுவெட்டர் கொடுத்தோம்?"

கையுறை கேட்ட பாவத்துக்கு மேஸ்திரி தம்பி சொன்ன பதில் இது. அந்தச் சுவெட்டரை இன்று காலை பிழிந்திருந்தால் அரைக் குடம் தண்ணீர் வந்திருக்கும். கொடுத்த அன்று வரிசையாக நிற்க வைத்து போட்டோ வேறு எடுத்தார்கள்.

ஊட்டியில் கேரட் எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடிந்ததும் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறங்க வேண்டும். அதற்காக ராத்திரி இரண்டு மணிக்கே எங்களைத் திறந்த பிக்கப்பில் ஏற்றிவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் மேகம் இல்லாத ராத்திரி என்றால் தலைகுந்தா பக்கம் பூஜ்ஜியம் வரை இறங்கும். கேரட் தழை மேல் உப்பு கொட்டின மாதிரி உறைபனி. அதைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் கைச்சூட்டில் உருகி, கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை ஈரம். அதற்கப்புறம் உடம்பில் சுவெட்டர் இருந்தால் என்ன, கோணிச் சாக்கு இருந்தால் என்ன?

மேலே தண்ணீர் இறங்காத கோட்டு வேண்டும். விரல் மடங்குகிற, உள்ளே துணி வைத்த ரப்பர் கையுறை வேண்டும். ஒரு தடவை கையுறையும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆம்பளை அளவு! என் விரல் நுனி முடிந்த இடத்துக்கு மேல் ஓர் அங்குலம் தொங்குகிறது, தழையைப் பிடித்தால் வழுக்குகிறது. கம்பூட்ஸும் அதே கதைதான். பழைய துணியை உள்ளே திணித்துத்தான் நடக்கிறேன்.

போன வாரம் தழை நறுக்கும்போது கத்தி பட்டதே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான், "அக்கா, ரத்தம்!" என்று கத்தினாள். அவ்வளவு மரத்துப் போயிருந்தது கை. நெருப்பில் காட்டினால் விரல் வீங்கி, ராத்திரி முழுக்க அரிக்கும்.

அம்மா தேயிலை எஸ்டேட்டில் இருந்தபோது கம்பளி கொடுத்தார்கள். 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவிலேயே குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லி எழுதியிருந்தது. அதிலும் மாநில அரசு விதி செய்ய'லாம்' என்றுதான். சரி, தினக்கூலிக்குக் கேரட் பிடுங்குகிற எங்களுக்கு அந்த 'லாம்'கூடக் கிடையாது.

விடியும்போது பனியைப் படம் பிடிக்கக் கார்கள் வந்து நிற்கும். தலையிலிருந்து கால் வரை ஜாக்கெட், குல்லா, கையுறை. ரெண்டே நாள் தங்கப் போகிறவர்கள்! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, புத்தியோடு வந்திருக்கிறார்கள். எங்களை வேலைக்குக் கூப்பிடுகிறவர்களுக்குத்தான் அது எப்போது வரும் என்று தெரியவில்லை.

நாளைக்கும் இரண்டு மணிக்கு வண்டி. சுவெட்டர் அடுப்புக்கு மேலே கொடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.