மைலுக்கு ரெண்டு டாலர்

(1786. ஓஹையோ ஆற்றுக்கு மேற்கே அடர்காடு. கடன்பட்ட அமெரிக்கக் காங்கிரஸ் விற்கப்போகும் நிலத்தை அளக்கிறார்கள். சங்கிலியின் முன்நுனி தம்பி கையில், பின்நுனி அண்ணன் கையில். சங்கிலி முடியும் இடத்தில் எல்லாம் தம்பி முளை அடிக்க, பின்னால் வரும் அண்ணன் அதைப் பொறுக்குகிறான்.)

தம்பி: இழுத்தாச்சு அண்ணே! முளை அடிக்கட்டுமா?

அண்ணன்: நடுவுல என்னடா வளைவு?

தம்பி: முள்ளுப் புதர். சுத்தி வந்துட்டேன்.

அண்ணன்: சுத்தி வந்தா அது பிரதட்சணம்டா, அளவு இல்ல. புதரை வெட்டிட்டு நேரா இழு. 66 அடி, 100 கண்ணி, விறைப்பா நிக்கணும்.

தம்பி: முன்னால பெரிய சரிவு.

அண்ணன்: தரையோட ஒட்டிப் போடாதே, அளவு கூடிடும். பள்ளத்துல நிக்கிறவன் நுனியைத் தலைக்கு மேல தூக்கி மட்டமாப் பிடிக்கணும். எட்டலேன்னா பாதிச் சங்கிலியா, 33 அடி 33 அடியா இறங்கு.

தம்பி: பள்ளத்துல எப்பவும் நான்தானா?

அண்ணன்: இறங்கும்போது நீ, ஏறும்போது நான்.

தம்பி: காலையிலேருந்து ஏறவே இல்லையே!

அண்ணன்: கணக்கைச் சொல்லு. நான் பொறுக்கினது 8 முளை, தரையில 1. உன் கையில?

தம்பி: 1.

அண்ணன்: மொத்தம் 11 இருக்கணுமேடா! ஒண்ணு எங்கே?

தம்பி: நேத்து ராத்திரி மான்கறி சுட்டோமே... அடுப்புலயே இருக்கு போல.

அண்ணன்: பாவி! முதல் முளை ஆரம்ப இடத்துக்கு. மீதி 10-ம் அடிச்சு உன் கை காலியானா 10 சங்கிலின்னு எழுதுவோம். 8 தடவை அப்படி எழுதினா ஒரு மைல். ஒரு முளை குறைஞ்சா ஒவ்வொரு பத்துலயும் 66 அடி காணாமப் போகும். மைலுக்கு 528 அடி! ஓடிப்போய் எடுத்துட்டு வா.

(ஓடிப்போய் வருகிறான்.)

தம்பி: இவ்வளவு கறாரா அளந்து யார் அண்ணே வாங்கப் போறாங்க?

அண்ணன்: 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதுக்குள்ள 36 துண்டு, துண்டு 640 ஏக்கர். ஏலத்துல ஏக்கர் ஒரு டாலருக்குக் குறையாது. வரி போட காங்கிரஸுக்கு அதிகாரம் கிடையாது, மாநிலங்கள்கிட்ட கையேந்தினா பாதி பேர் கண்டுக்கறதில்ல. கையில இருக்கறது காடுதான்.

தம்பி: ஒரு துண்டுக்கே 640 டாலரா? சுதந்திரப் போர்ல சம்பளத்துக்குப் பதிலா கடன் சீட்டுக் கொடுத்தாங்களே, அது செல்லுமா?

அண்ணன்: செல்லும். உன்கிட்ட இருக்கா?

தம்பி: மதுக்கடைக்காரன்கிட்ட கால் விலைக்கு வித்துட்டேன்.

அண்ணன்: அப்ப அவனுக்குத்தான் அளந்துகிட்டிருக்கோம். இழு.

தம்பி: அந்த 36 துண்டுக்கும் உள்ளே போய் அளக்கணுமா?

அண்ணன்: வெளிக்கோடு மட்டும்தான், மைலுக்கு ஒரு அடையாளம். உள்கோடெல்லாம் காகிதத்துல. அங்க கொசு கிடையாது. 16-ஆம் துண்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிடணும்.

தம்பி: மனுஷனே இல்லாத காட்டுல பள்ளிக்கூடமா?

அண்ணன்: மனுஷன் இல்லேன்னு யார் சொன்னது? அந்தச் சிப்பாய்கள் யாருக்காக நிக்கிறாங்க?

தம்பி: இங்கிலாந்து ராஜாதான் 1783-ல பாரிஸ்ல கையெழுத்துப் போட்டு மிசிசிப்பி வரைக்கும் கொடுத்துட்டாரே?

அண்ணன்: ராஜா இங்க குடியிருந்தாரா?

தம்பி: இல்ல.

அண்ணன்: குடியிருக்கறவங்கள்ல டெலவேர், வயண்டாட் பழங்குடித் தலைவர்கள் சிலர் போன வருஷம் மெக்கின்டாஷ் கோட்டையில நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க. போடாதவங்க நெறைய பேர். போன வருஷம் செப்டம்பர் 30 அளவு ஆரம்பிச்சு, 4 மைல் போறதுக்குள்ள தாக்குதல் சேதி வந்தது. அளவைக்குத் தலைவரான ஹட்சின்ஸ் ஐயா மூட்டை கட்டிட்டார். அதான் இந்தத் தடவை துப்பாக்கியோட வந்திருக்கோம்.

தம்பி: அந்தத் துப்பாக்கியாலதான் சர்வேயர் ஐயா கத்திகிட்டிருக்கார். சிப்பாய் பக்கத்துல வந்தாலே திசைகாட்டி முள்ளு அவனைப் பார்த்துத் திரும்புதாம்.

அண்ணன்: இரும்பு இழுக்கத்தானே செய்யும். கோடாலியும் நம்ம சங்கிலியும் கூடத் தள்ளியே இருக்கணும். சிப்பாய் விலகி நின்னா உயிர் போகும், ஒட்டி நின்னா கோடு போகும்.

தம்பி: நட்சத்திரத்தைப் பார்த்து உண்மை வடக்கு எடுக்கணும்னு சட்டம் இருந்துச்சே?

அண்ணன்: மைலுக்கு ரெண்டு டாலர். நம்ம கூலி, மரம் வெட்டறவன் கூலி, மத்த செலவு எல்லாம் அதுக்குள்ள. அந்தக் காசுக்கு ராத்திரி வேலை வேறயா? மே மாசம் காங்கிரஸே அந்த விதியை விட்டுடுச்சு. சரி, சங்கிலியைக் காட்டு. இங்க பாரு, மூணு கண்ணி வளைஞ்சிருக்கு. ஒரு அங்குலம் குறையுது.

தம்பி: ஒரு அங்குலம்தானே?

அண்ணன்: மைலுக்கு 80 சங்கிலி, 6 மைலுக்கு 480. அப்ப 480 அங்குலம், அதாவது 40 அடி. வாங்கறவனுக்கு நஷ்டம். வளையம் தேஞ்சு சங்கிலி நீண்டா காங்கிரஸுக்கு நஷ்டம். கல்லு மேல வெச்சு, கோடாலிப் பின்பக்கத்தால தட்டி நிமிர்த்து. அடுத்து வடக்கு எல்லை, அங்கதான் தகராறே.

தம்பி: அங்க என்ன?

அண்ணன்: பக்கக்கோடு ரெண்டும் நேர் வடக்கே போகணும்னு சட்டம். வடக்கே போகப் போக ரெண்டும் நெருங்கும்டா, துருவத்துல ஒண்ணாச் சேரற கோடுங்க. தெற்கு எல்லை சரியா 6 மைல் இருந்தா, வடக்கு எல்லை இந்த இடத்துல சுமார் 40 அடி குறையும். ஆனா சட்டத்துல சதுரம்னு எழுதியிருக்கு.

தம்பி: பூமி உருண்டைன்னு காங்கிரஸுக்குத் தெரியாதா?

அண்ணன்: தெரியும். சட்டம் எழுதின மேஜை தட்டையா இருந்திருக்கும்.

தம்பி: (விரல்விட்டு எண்ணி) அண்ணே... தெற்கு எல்லையை நல்ல சங்கிலியால அளந்தாச்சு. வடக்கே 40 அடி குறைச்சல். வளைஞ்ச சங்கிலியும் 40 அடி குறைச்சல். இதை வெச்சு வடக்கு எல்லையை அளந்தா...

அண்ணன்: அளந்தா?

தம்பி: 480 சங்கிலி, கச்சிதமா 6 மைல் வருதே!

அண்ணன்: (சுற்றுமுற்றும் பார்த்து) கோடாலியைக் கீழ வைடா.