கரும்புச்சாறுக்கும் டீக்கும் 40% ‘சர்க்கரை வரி’யா?

“டீ, கரும்புச்சாறு, ரோஸ்மில்க் அனைத்துக்கும் புதிதாக 40% சர்க்கரை வரி” என்று ராயபுரம், தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பிலுள்ள 40% ஜிஎஸ்டி, கோலா போன்ற குளிர்பானங்களுக்கானது. அவற்றின் மீது 2017 முதலே 28% வரியும் 12% இழப்பீட்டுத் தீர்வையும் (‘செஸ்’ எனும் கூடுதல் வரி) இருந்ததால் மொத்த விகிதம் கூடவில்லை. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத தள்ளுவண்டிக்காரரும் டீக்கடைக்காரரும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. மேலும், பிரிட்டனில் 2018 முதல் நடப்பதுபோல் சர்க்கரையின் அளவைப் பார்த்து இங்கே வரி விதிக்கப்படுவதில்லை. செயற்கை இனிப்பூட்டிய கோலாவுக்கும் அதே விகிதம்தான் (உடல்நல நோக்கில் இது ஒரு குறையே). 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பின் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் (PIB) வெளியிட்ட பட்டியலில் இதைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனிப் பகிர வேண்டாம்.