புள்ளிக் கணக்கும் ஒரு பரிசும்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் நகரத்தார் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் கேட்பது, "எந்த ஊர், எந்தக் கோயில்?" இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்கள். ஒரே கோயில் பிரிவென்றால் பங்காளி. பிள்ளையார்பட்டிக்கும் இரணியூருக்கும் இடையேகூடப் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. வரைபடத்தில் ஊரைக் குறிக்கவும் அதே புள்ளிதானே! 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திய எனக்கு இது இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு விருது. அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தில் சமயங்களின் புவியியலுக்கென்று, அதாவது வழிபாடும் யாத்திரையும் எந்த இடத்தில், எந்த வழியில் என்று ஆராயும் துறைக்கென்று, தனிப் பிரிவு உண்டு. டேவிட் சோஃபர் பெயரால் அவர்கள் தரும் விருது, இத்துறையில் புதிதாக நுழைந்தவர்களுக்கானது. ஆண்டுக் கூட்டத்தில் கட்டுரை வாசிக்க வேண்டும். சோஃபர் 1967இல் சமயங்களின் புவியியல் பற்றித் தனி நூலே எழுதியவர். குஜராத் யாத்ரீகர்களின் போக்குவரத்தையும் ஆராய்ந்தவர். பெயர் எடுத்த பிறகு பொன்னாடை போர்த்த ஆயிரம் பேர் வருவார்கள். யாரென்றே தெரியாத வயதில் ஒருவரைக் கூப்பிட்டு "நீ செய்வது சரியான வேலை" என்று சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி எம்.ஏ. படிக்கும்போது தைப்பூசக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து நடந்தாள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை. கையில் நாற்பது பக்க நோட்டு. எந்த இடத்தில் இளைப்பாறினார்கள், யார் மோர் ஊற்றினார்கள், எந்தக் கிணற்றில் குளித்தார்கள், அந்த வீட்டுக்கும் காவடிக்காரர்களுக்கும் எத்தனை தலைமுறைப் பழக்கம், எல்லாம் பென்சிலில். கூட நடந்த ஆச்சி ஒருவர், "ஆத்தா, எல்லாரும் சாமியப் பத்தித்தான் கேப்பாக. நீ எந்தத் திண்ணையில படுத்தோம்னு கேக்குறியே" என்று சொல்லிவிட்டு, இருபது வருஷத்துத் திண்ணைகளை வரிசையாக ஒப்பித்தாராம். நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் வியர்வை பட்டு ஊறியிருந்தது.

அவளுடைய கல்லூரியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இது ஆன்மிகம். புவியியலில் வேறு தலைப்புப் பார்." சரி என்று அவளும் நிலப் பயன்பாட்டுக்கு மாறிவிட்டாள். நோட்டு என்னிடம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சாமியையும் கூடவே கூட்டிக்கொண்டு கடல் தாண்டிய ஊர் இது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். காசியில் சத்திரம் கட்டினார்கள். எந்தத் துறைமுகத்தில் கிட்டங்கி (நகரத்தார் தங்கிக் கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம்), அங்கே எந்த முருகன் என்று ஒரு படம் வரைந்தாலே ஒரு நல்ல ஆய்வு கிடைக்கும். அதை நம் பிள்ளைகள் அல்லவா வரைய வேண்டும்?

பணம் ஒரு தடையே இல்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுத்த மண் இது. கும்பாபிஷேகப் பந்தல் செலவில் ஒரு துளியை எடுத்து வைத்தால் போதும், வருஷத்துக்கு ஓர் இளம் ஆய்வாளருக்குப் பரிசு தரலாம். சாதி, சமயம் பார்க்க வேண்டாம். அய்யனார் கோயில் புரவி எடுப்பாகட்டும், தர்காவாகட்டும், மாதா கோயில் தேராகட்டும், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் நடந்து போய்ச் சேகரித்த வேலையாக இருந்தால் போதும். கட்டுரையைத் தமிழிலேயே வாசிக்கட்டும். நடுவர்களில் அந்த ஆச்சி மாதிரி ஒருவரும் உட்காரட்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சிகாகோ பல்கலைக்கழகம்தான் வாங்கிக் காப்பாற்றியது. இன்று அவை சென்னையில் நூலகமாக நிற்கின்றன. அதனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பழைய புள்ளிக் கணக்கு, காவடிச் செலவு நோட்டு, கும்பாபிஷேகப் பத்திரிகை இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடமும் பேசிவிட்டேன். வரும் தைப்பூசத்துக்கு லீவு போட்டு நடக்கிறேன் என்றாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.