காண்டர்ஸ்டெக் போகிறவர்களுக்கு: அடைத்த பாதையைத் தாண்டாதீர்கள்

கோடை விடுமுறை வருகிறது. சுவிஸின் காண்டர்ஸ்டெக்கில் இருக்கும் ஓஷினென் ஏரிப் படங்களால் முகநூல் இனி நிரம்பும். அதற்கு முதல் இதை எழுதிவிட நினைத்தேன்.

ஏரிக்கு மேலே ஸ்பிட்சர் ஸ்டைன் என்றொரு மலைமுனை இருக்கிறது. அதன் அடிவாரமாகப் போகும் பாதைகளை அடைத்து, மறிப்பும் பலகையும் போட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் மறிப்பைத் தாண்டிப் போய் நின்று படமெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா நாட்டாரும் அதில் உண்டு, எங்கள் ஆட்களும் உண்டு. ஒரு தம்பியிடம் வாய்விட்டே கேட்டேன். "சும்மா பயத்திலை போட்டு வைச்சிருக்கிறாங்கள் அண்ணை. இவ்வளவு நாளும் விழாதது இண்டைக்கோ விழப்போகுது?" என்றார். அவருக்கு அந்த இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் கதை முழுவதையும் சொன்னால்தான் பதில் வரும்.

பேர்ணில் ரெயின் ஏறினால் காண்டர்ஸ்டெக்குக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், பாறைச் சுவர்கள் சூழ, நடுவே காண்டர் ஆறு ஓடும் சிறிய ஊர். தாயகத்திலிருந்து சொந்தக்காரர் வந்தால் நாங்கள் கூட்டிப் போவது டிட்லிஸ், யுங்ஃப்ரா பனிமலைகளுக்குத்தான். பனியில் நின்று படமெடுத்து, மேலேயே சாப்பிட்டு, அடுத்த ரெயினில் இறங்கிவிடுகிறோம். ரிக்கற் விலையோ சொல்லி முடியாது. இந்த நாட்டின் ஆகப் பெரிய பொதுச்சொத்து என்று நான் நினைப்பது ரெயில் நிலைய வாசலில் நின்று நடைபாதைகளைக் காட்டும் மஞ்சள் பலகையைத்தான். அதற்கு ரிக்கற் இல்லை.

சுவிஸ் முழுக்க 65,000 கிலோமீற்றருக்கு மேல் இப்படிப் பலகை நட்ட நடைபாதைகள் இருக்கின்றன. 1934இல் சூரிச் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் யோகான் யாகோப் எஸ் என்பவரின் முயற்சியில் தொடங்கிய வேலை இது. வீதிகளைக் கார்கள் பிடித்துக்கொண்டிருந்த காலம். நடப்பவனுக்குத் தனி வழி வேண்டும் என்று அவர் நினைத்தார். 1979இல் மக்கள் வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஆதரித்து, நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். பிறகு வந்த சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒரு பாதை இல்லாமல் போனால் அதற்கு ஈடாக இன்னொன்றை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது. அதற்கும் முன்பே, 1912இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டம், காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் எவரும் நடக்கலாம் என்கிறது. குடியுரிமை உள்ளவர் மட்டும் என்று அதில் இல்லை. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், எந்தக் கந்தோருக்குப் போனாலும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வார்கள். மலையில் ஒருவரும் கேட்டதில்லை. எதிரே வருகிற கிழவரும் கிழவியும் "குறூஏட்சி" என்று வணக்கம் சொல்லி வழிவிட்டுப் போவார்கள். இந்தப் பாதைகள் மேல் எனக்கு இருக்கும் பற்று அங்கேதான் தொடங்கியது.

பலகையை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடை. நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: கால் உறுதியாக இருக்க வேண்டும், தலைசுற்று உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு, பாறை, பனி எல்லாம் வரலாம். அது எங்களுக்கு வேண்டாம். தூரம் போட்டிருக்காது, நேரம்தான் போட்டிருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்ற கணக்கு. இளைப்பாறும் நேரம் அதில் சேராது. பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்கு என்று வையுங்கள்.

காண்டர்ஸ்டெக்கில் எனக்கு ஆகப் பிடித்தது ஓஷினென் ஏரிக்கு மேலே போகும் ஹொய்பெர்க் வழி. கேபிள்காரில் ஏறி இறங்கியதும் கூட்டம் முழுவதும் ஏரியை நோக்கிப் போகும். இடப்பக்கம் ஏறுகிற பாதையில் திரும்பினால் அரைமணி நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். காட்டைத் தாண்டியதும் காலடியில் முழு ஏரியும் தெரியும். எதிரே 3,600 மீற்றருக்கு மேல் எழுந்த ப்ளூம்லிஸ்அல்ப் மலை. பாதை ஒடுக்கம், ஒரு பக்கம் நேரே பள்ளம், ஆகவே கதைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. பார்க்க வேண்டும் என்றால் நின்று பாருங்கள். அப்படியே ஓபர் பெர்க்லிக்குப் போனால் கோடையில் மாடு கட்டும் குடிசைகள் இருக்கின்றன. அங்கேயே காய்ச்சிய பாற்கட்டியும் பாணும் வாங்கிச் சாப்பிடலாம். அங்கிருந்து ஏரிக்கரைக்கு இறங்கலாம். மொத்தம் மூன்று மணி நேரம் போல. இறங்காமல் மேலே போகிறவர்களும் உண்டு: 2,778 மீற்றரில் இருக்கும் ஹோடூர்லி கணவாய். வாடூஸிலிருந்து மொன்ற்றோ வரை போகும் நெடும்பாதையில் ஆக உயர்ந்த இடம் அதுதான். அங்கே போக நல்ல உடம்பும் வெள்ளன எழும்பும் பழக்கமும் வேண்டும்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

காண்டர்ஸ்டெக்கிலிருந்து கெம்மி கணவாய்க்குப் போகும் பாதை வயதானவர்களையும் கூட்டிப் போகக்கூடியது. சுன்பூயல் வரை கேபிள்கார், பிறகு பெரிய ஏற்றம் இல்லை. தொடக்கத்திலேயே ஸ்பிட்டல்மாட்டே என்ற அகன்ற புல்வெளி வரும். மாடுகள் மேயும், பிள்ளைகள் ஓடி விளையாடும். 1895 செப்டெம்பர் 11ஆம் திகதி விடியற்காலையில் அல்டெல்ஸ் மலையின் பனியாறு உடைந்து அந்தப் புல்வெளி மேல் விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாடுகளும் செத்தன. அதற்கு முதல்நாள் வரை அதுவும் விழாமல்தான் இருந்தது.

தெற்கே காஸ்டர்ன் பள்ளத்தாக்கு. ஒடுங்கிய பாறை வாயிலைத் தாண்டினால் உள்ளே அருவிகளும் பைன் மரங்களும் கூழாங்கல் ஆறும். குளிர்காலத்தில் பனிச்சரிவுக்குப் பயந்து ஆட்கள் வெளியேறிவிடுவார்கள். அதன் அடியில் லோட்ஷ்பெர்க் ரெயில் சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, 1908 ஜூலை 24ஆம் திகதி, கெட்டிப்பாறை என்று நினைத்த இடம் மணலும் சரளையும் தண்ணீருமாக உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. 25 தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். பிழைப்புக்காக இன்னொரு நாட்டுக்கு வந்தவர்கள். நாங்கள் ரெயினில் அந்தச் சுரங்கத்தால் போகும்போது அது நேராகப் போவதில்லை, அந்த இடத்தைச் சுற்றி வளைந்து போகிறது.

காஸ்டர்னிலிருந்து ஏறி லோட்ஷென் கணவாயைக் கடந்தால் மறுபக்கம் லோட்ஷென் பள்ளத்தாக்கு. அங்கே பிளாட்டன் என்ற கிராமம் இருந்தது. 2025 மே 28ஆம் திகதி மலையுச்சியிலிருந்து விழுந்த பாறைகளின் பாரத்தால் பிர்ஷ் பனியாறு உடைந்து ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. ஒருவர் இறந்தார். ஊரை விட்டுப் போயிருந்த ஏறத்தாழ 300 பேரும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், ஒன்பது நாளுக்கு முன்பே, மே 19ஆம் திகதியே அவர்களை வெளியேறச் சொன்னதும், அவர்கள் மறுபேச்சில்லாமல் மாடுகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறியதும்தான். வீடு வாசலை விட்டுப் போக அவர்களுக்கு மனம் வந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு படத்தை விட மனம் வராதா?

ஸ்பிட்சர் ஸ்டைன் விழுமா என்று பார்க்க ராடாரும் அளவிகளும் வைத்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாறைகளை உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கும் நிரந்தர உறைபனி வெப்பத்தில் இளகிக்கொண்டு வருகிறது. நகர்ந்துகொண்டிருப்பது ஒரு கோடி கன மீற்றருக்கும் மேற்பட்ட பாறை. கீழே கிராமத்தின் ஒரு பகுதியில் புதிதாக வீடு கட்டத் தடை இருக்கிறது. ஓடையோரம் காப்பு அணைகள் எழுப்பியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் இந்த மலையை நம்பிப் பிழைப்பவர்கள். பாதையை அடைப்பதால் அவர்களுக்கு நட்டம்தான். அப்படியிருந்தும் அடைத்திருக்கிறார்கள் என்றால் அதைச் சும்மா பயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொன்று: அந்த நீல ஏரியே பழைய காலத்து மலைச்சரிவு ஒன்று ஓடையை மறித்ததால் உண்டானது. தண்ணீர் இன்றைக்கும் அந்தப் பாறைக் குவியலுக்கு அடியால்தான் வடிகிறது. எதை அழகு என்று படமெடுக்கிறோமோ அது அந்த மலை ஒருதரம் விழுந்ததால் வந்தது.

பலகையை நடுவதும், வருசா வருசம் நிறம் பூசுவதும், மழை அரித்த படியைத் திருத்துவதும் பெரும்பாலும் ஊராட்சியின் ஆட்களும் நடைபாதைச் சங்கங்களின் தன்னார்வலர்களும். அவர்கள் "இந்தப் பக்கம் போ" என்றால் நம்பிப் போகிறோம், காசும் கொடுப்பதில்லை. "போகாதே" என்றால் மட்டும் நம்ப மாட்டோம் என்பது எனக்குப் பெரிய நன்றிகேடாகப் படுகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. செருப்போடு போகாதீர்கள், அடி பிடிக்கும் சப்பாத்து வேண்டும். மழைச்சட்டை, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். கன்றுடன் நிற்கும் மாட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளைத் தடவ விடாதீர்கள். படலையைத் திறந்தால் பூட்டிவிட்டுப் போங்கள். புறப்படும் நாள் காலையில் சுவிஸ்டோப்போ என்ற வரைபடச் செயலியைத் திறந்தால் எந்தப் பாதை அடைத்திருக்கிறது என்று வரைபடத்திலேயே பார்க்கலாம். வயதான அம்மா அப்பாவோடு வருகிறவர்கள் கெம்மிப் பக்கம் போங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் ஹொய்பெர்க். எங்கே இறங்குவது, எந்த நேரத்து ரெயின் பிடிப்பது என்று தெரியாதவர்கள் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.