மாளிகைக்கு முன்பு ஆலையைப் பாருங்கள்

கரீபியன் தீவுகளில் இடிந்து கிடக்கும் பழைய கரும்புத் தோட்டங்களைப் பார்க்கச் செல்பவர்களில் பலர் முதலில் முதலாளியின் மாளிகை முன்பு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்கு அழகானது அதுதான் என்பதால் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வரிசையில் பார்ப்பவருக்குத் தோட்டத்தின் கதை தலைகீழாகவே போய்ச் சேரும் என்பது, பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான குவாதலூப்பைச் சேர்ந்த மரி கலாந்த் தீவில் முரா தோட்டத்தின் இடிபாடுகளைப் பார்த்தபோது எனக்கு உறுதியாயிற்று.

1839ஆம் ஆண்டில் இத்தோட்டத்தில் 307 அடிமைகள் இருந்தார்கள். குவாதலூப்பின் மிகப் பெரிய கரும்புத் தோட்டமாக அப்போது இது விளங்கியது. மாளிகையும் 1814இல் எழுந்த காற்றாலையும் கல் கட்டடங்கள் என்பதால் காலத்தைத் தாண்டி நிற்கின்றன. உழைத்தவர்களின் குடிசைகளோ மரமும் ஓலையும் மண்ணுமாக இருந்தவை. அவற்றுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. எனவே அந்த மனிதர்களைத் தேடுபவர் முதலில் ஆலைக்குத்தான் செல்ல வேண்டும்.

வெட்டிய கரும்பை உடனுக்குடன் ஆட்டாவிட்டால் சாறு புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலையும் அடுப்பும் இரவிலும் ஓய்ந்ததில்லை. காற்றாலையின் இறக்கைகள் சுழற்றும் மூன்று செங்குத்தான உருளைகளுக்கு இடையே ஒருவர் கரும்பைச் செருக, மறுபுறம் நிற்பவர் அதை வாங்கித் திரும்பவும் உள்ளே விடுவார். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கை முழுவதையும் உருளை இழுத்துக்கொள்ளும் என்பதால், கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்காகக் கரீபியன் ஆலைகளில் கோடரியை அருகிலேயே வைத்திருந்தார்கள். பிழிந்த சாறு கொதிசாலைக்குச் சென்று, பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகப் பதித்த கொப்பரைகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும். சுண்ணாம்பு சேர்த்து அழுக்கு நுரையை வழித்தெடுப்பார்கள். வெல்லம் காய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கடைசிக் கொப்பரையில் கொதிக்கும் பாகு மேலே தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்த உழைப்பைச் சட்டமும் காவல் காத்தது. 1685ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அடிமைச் சட்டம், தப்பி ஓடி ஒரு மாதம் தலைமறைவாக இருந்தவரின் காதுகளை அறுத்துத் தோளில் சூடு போடவும், மூன்றாம் முறை ஓடியவரைக் கொல்லவும் வழி செய்தது. 1794இல் ஒழிந்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் மீட்டெடுக்க முயன்றபோது, அதை எதிர்த்துப் போராடிய படை அதிகாரி லூயி தெல்கிரேசும் தோழர்களும் குவாதலூப்பின் மத்தூபா என்ற இடத்தில் வெடிமருந்தைக் கொளுத்தித் தம்மையே மாய்த்துக்கொண்டார்கள். அடிமை முறை மீண்டும் வந்தது; இறுதியாக 1848இல்தான் விடுதலை வந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு அரசு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது: அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் மூள்கிறது.

நம்மவர்கள் இக்கதைக்குள் வருவது இதற்குப் பிறகுதான். விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டங்களில் பழைய நிபந்தனைகளுக்கு உழைக்க மறுத்தபோது, மலிவான உழைப்பைத் தேடிய முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. அவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை கேட்டு வழக்காடிய ஹென்றி சிதம்பரம் அதில் வெற்றி காண 1923 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் அவர்களைக் கொண்டுவந்ததன் நோக்கங்களில் ஒன்று, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கேட்ட கூலியைக் கொடுக்காமல் தட்டிக்கழிப்பது. இந்தச் சங்கடமான உண்மையை நம் பயணக் கட்டுரைகளில் நான் அரிதாகவே காண்கிறேன். மாரியம்மன் அங்கே ‘மாலியெமின்’ ஆகியிருப்பதையும் மதுரை வீரன் ‘மல்தேவிலின்’ ஆகியிருப்பதையும் வியந்து எழுதுகிறோம். அந்தத் தெய்வங்கள் யாருடைய வயலில் வந்து இறங்கினார்கள் என்பதைக் கேட்பதில்லை.

குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில் உள்ள சாங்கி இந்துக் கோயிலுக்குச் செல்லும் தமிழர்கள், இன்னொரு நாளை ஒதுக்கி, புவாந்த் அ பீத்ர் நகரத்திலிருந்து படகேறி மரி கலாந்துக்கும் சென்று வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். புறப்படுமுன் அதே நகரத்தில் 2015இல் திறக்கப்பட்ட அடிமை முறை நினைவகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அதுவும் தர்புசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில்தான் நிற்கிறது.