மோட்டபிலிட்டி காரில் மாற்றுத்திறனாளி இல்லாமல் போனால் குற்றமா?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் தங்கள் அரசு உதவித்தொகையைக் கொண்டு கார் பெற உதவும் மோட்டபிலிட்டி திட்டத்தில் குத்தகைக்கு எடுத்த காரை, உரிய மாற்றுத்திறனாளி உள்ளே அமர்ந்திருக்கும்போது மட்டுமே ஓட்டலாம் என்றும், தனியாக ஓட்டும் உறவினர் பிடிபட்டால் கார் பறிபோகும் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1977-இல் தொடங்கிய இத்திட்டத்தின் அடிப்படை விதி இதுதான்: கார் அந்த மாற்றுத்திறனாளியாலோ அவருடைய நன்மைக்காகவோ பயன்பட வேண்டும். எழுந்து நடக்க முடியாத தாய் வீட்டிலிருக்க, அவருடைய மாத்திரைகளை வாங்கிவர மருந்துக்கடைக்குக் காரில் போகும் மகள், பின்னிருக்கை காலியாக இருந்தாலும், எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் காப்பீட்டில் ஓட்டுநராக மகளின் பெயர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மாற்றுத்திறனாளிக்கே ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

வதந்தியில் ஒரு துளி உண்மை உண்டு. அதே காரை வாடகை டாக்சியாக ஓட்டுவதும், கூலிக்குப் பொட்டலம் விநியோகிக்கப் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டவை. கார் குத்தகை நிறுவனத்துக்கே சொந்தம் என்பதால், இத்தகைய முறைகேட்டுக்காக ஒப்பந்தத்தை ரத்துசெய்து அதைத் திரும்பப் பெற அந்நிறுவனத்துக்கு உரிமை உண்டு.