அக்கா பார்த்த கதையும் நான் அழுத்திய பட்டனும்

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ சீரிஸின் முதல் சீசனைப் பார்த்து முடித்த கையோடு அக்கா போன் செய்தாள். “ஏன்டா, இவ்வளவு நல்ல கதையையா நீ அன்னிக்கு ராத்திரி முழுக்க உக்காந்து சுட்டுக்கிட்டிருந்தே?” சீரிஸுக்கு மூலமான அதே பேருள்ள கேமை நான் விளையாடியபோது, ‘ஆஃப் பண்ணிட்டுப் படுடா’ என்று கதவுக்கு வெளியே நின்று கத்தியவள் அவள்தான். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. ஏன் வந்தது என்று யோசித்ததில் விளைந்த புலம்பல் இது. (ஸ்பாய்லர் உண்டு. கேம் வந்தது 2013ல். இனியும் என்னைத் திட்டாதீர்கள்.)

சீரிஸ் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. கேமில் ஃபிராங்க் என்பவர் தூக்கில் தொங்கும் ஒரு பிணம், ஒரு கடிதம், அவ்வளவுதான். மூன்றாவது எபிசோடில் அந்த மனிதருக்கு ஒரு முழு வாழ்க்கையே எழுதிக் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டும் ஒளிந்துகொண்டும் இருக்கிற கேமில் அதற்கு இடமே கிடையாது.

ஆனால் அந்த மருத்துவமனைக் காட்சி இருக்கிறதே, அது வேறு. கேமில் நாம் இயக்கும் நாயகன் ஜோயல், தான் கூட்டிவந்த சிறுமி எல்லியை மீட்க அறுவை சிகிச்சை அறைக்குள் நுழைகிறார். டாக்டர் கத்தியைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறார். அவரைக் கொல்லாமல் கேம் நகராது. நான் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், வேறு வழி எதையாவது வைத்திருப்பார்கள் என்று. வைக்கவில்லை. கடைசியில் அழுத்தினேன். அப்புறம் கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. அக்காவோ அதே இடத்தில், “பாவம் அந்த டாக்டர்” என்றாள். அவள் பார்த்தது ஜோயல் செய்த கொலையை. என் எரிச்சல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதையே உச்சத்துக்குக் கொண்டுபோன கேம் ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’. 2005ல் வந்தது. பதினாறு ராட்சத உருவங்கள், ஒவ்வொன்றாக ஏறிக் கொல்ல வேண்டும். அவற்றில் பல நம்மைச் சீண்டுவதுகூட இல்லை, அதுபாட்டுக்குத் திரிந்துகொண்டிருக்கும். தேடிப்போய்க் குத்துவது நாம்தான். ஒவ்வொன்று விழும்போதும் ஒலிக்கும் இசை வெற்றி இசை அல்ல, ஒப்பாரி. இதைப் படமாக எடுக்கப்போவதாக 2009லேயே அறிவித்தார்கள். ஆளாளுக்குக் கை மாறியும் படம் வந்தபாடில்லை. வராமலே போகட்டும் என்பது என் பிரார்த்தனை. நிதானமாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது இன்னொரு ராட்சத வேட்டைப் படமாகத்தான் தெரியும்.

கேம்களை வைத்து எடுத்த பழைய படங்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. 1993ல் மரியோவைப் படமாக எடுத்தவர்களுக்கு மரியோ என்றாலே கூச்சம். கேமில் வரும் காளான் ராஜ்ஜியத்தை இருண்ட நகரமாக்கி, டைனோசரிலிருந்து பரிணமித்த மனிதர்களை அதில் குடியேற்றினார்கள். 2000களில் ஊவே போல் என்ற ஜெர்மானியர் கேம்களை வரிசையாகப் படமாக்கித் தள்ளினார். முதலீட்டாளர்களுக்குச் சாதகமாக இருந்த அந்நாட்டு வரிச் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். ரசிகனுக்கு ரோஷம் குறைவு.

இன்றைக்கு நிலைமை மாறியதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. விளையாடி வளர்ந்தவர்கள் எழுதும் இடத்துக்கும் இயக்கும் இடத்துக்கும் வந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கிறேன். ‘ஆர்கேன்’ என்ற சீரிஸ் பிறந்தது லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கேமிலிருந்து. ஐந்து பேருக்கு ஐந்து பேர் அடித்துக்கொள்ளும் ஆட்டம், அதில் கதை தேடினால் கிடைக்காது. கதை இல்லாததுதான் எழுதியவர்களுக்கு வசதியாகப் போனது. ‘ஃபால்அவுட்’ சீரிஸும் கேமின் நாயகர்களைத் தொடாமல், அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய அந்த உலகத்தையும் அந்தக் கோணல் நகைச்சுவையையும் மட்டும் எடுத்துக்கொண்டது. எதிர்முனையில் ‘அன்சார்ட்டட்’. அந்த கேமே பழைய சாகசப் படங்களை ஆசையாகப் பார்த்துச் செய்தது. அதைத் திரும்பப் படமாக்கினால் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரிதானே இருக்கும்? அப்படியே இருந்தது.

சரி, நல்ல படங்கள் வருகின்றன, 2023ல் வந்த மரியோ படம் உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அப்புறம் உனக்கென்ன குறை என்று கேட்பீர்கள். என் குறை, படமாகிற கேம்களின் வயசு. மரியோ 80களில் பிறந்தவர். ஃபால்அவுட் 1997. லாஸ்ட் ஆஃப் அஸ் 2013. அதையே 2014ல் ரீமாஸ்டர், 2022ல் ரீமேக், 2023ல் சீரிஸ் என்று ஒரே மாட்டில் நாலு முறை பால் கறந்தாயிற்று. ஃபால்அவுட் சீரிஸ் 2024ல் வெளியானபோது மக்கள் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். கையில் கொடுக்கப் புது ஃபால்அவுட் இல்லை. 2015ல் வந்த நான்காம் பாகத்தைத்தான் வாங்கிப் போனார்கள். பெரிய கேம் ஒன்றைச் செய்ய இப்போதெல்லாம் ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஆகிறது. அவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவன் புதுசாக எதையும் முயல மாட்டான்.

முயல்கிறவர்களுக்கு என்ன நடந்தது? டேங்கோ கேம்வொர்க்ஸ் என்ற ஜப்பானிய ஸ்டுடியோ 2023ல் ‘ஹை-ஃபை ரஷ்’ என்று ஒரு கேம் விட்டது. தாளத்துக்கு ஏற்ப அடிதடி, திரையில் எல்லாமே இசையோடு ஆடும். பாராட்டாத ஆள் இல்லை. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை மூடப்போவதாக அறிவித்தது. ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்து ஏழு மாசம்தான் ஆகியிருந்தது அப்போது. பிறகு கிராஃப்டன் என்ற கொரிய நிறுவனம் டேங்கோவை எடுத்துக்கொண்டதால் தப்பித்தது. மறுபக்கம், சோனி வருஷக்கணக்கில் செலவழித்து விட்ட ‘கான்கார்ட்’ என்ற ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் இரண்டே வாரத்தில் கடையை மூடியது, அதைச் செய்த ஸ்டுடியோவும் போனது. அங்கே கணக்குப் போட்டவர்கள் யாரோ, வேலை போனவர்கள் யாரோ.

சினிமா பக்கமும் இதே கதைதான். ‘சோனிக்’ என்ற கேமின் நீல முள்ளெலி நாயகனைப் படமாக்கியபோது, டிரெய்லரில் அதன் பல்லைப் பார்த்து 2019ல் நாம் எல்லோரும் சிரித்தோம், திட்டினோம், உருவத்தையே மாற்ற வைத்தோம். ரசிகர்களின் வெற்றி என்று இன்றும் கொண்டாடுகிறோம். அந்தத் திருத்த வேலையில் பங்கெடுத்த ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோவின் வான்கூவர் கிளை, படம் வெளிவருவதற்கு முன்பே, அதே வருஷம் டிசம்பரில் மூடப்பட்டது. மூடியதற்குக் காரணம் சோனிக்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘வெற்றி’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது. திட்டியவர்களில் நானும் ஒருவன்.

இதைத்தான் விதை நெல்லைக் குத்திப் பொங்கித் தின்பது என்பார்கள். 2040ல் சீரிஸாக எடுக்க இன்றைக்கு எந்த கேமை விதைக்கிறார்கள்? சின்னக் குழுக்கள் செய்கின்றன, தெரியும். தனி ஆளாக ஒருவர் செய்த ‘பலாட்ரோ’வில் நானே என் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். ஆனால் சீட்டுக்கட்டை வைத்து யார் சீரிஸ் எடுப்பார்கள்? (எடுத்தாலும் எடுப்பார்கள்.)

போன மாசம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். முதல் பத்து நிமிஷம் கேமரா பாதி நேரம் கூரையைத்தான் பார்த்தது. ஆரம்பத்தில், சீக்கிரமே சாகப்போகிற ஜோயலின் மகள் சாராவாக, ராத்திரி வீட்டுக்குள் அப்பாவைத் தேடி நடக்க வேண்டும். அக்கா பிறந்தநாள் வாழ்த்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். பாத்ரூமில் கிடந்த செய்தித்தாளைப் படித்தாள். மறுபடி சாராவின் அறைக்கே போனாள். மாடிப்படி வரைக்கும் வந்தாள், திரும்பினாள்.

“கீழ இறங்குக்கா, அவ்ளோதான்” என்றேன்.

“இறங்கினாத்தானேடா அவளுக்கு அது நடக்கும்? நான் இறங்கல” என்று கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.